2.45 சதவீதத்தில் புதிர் தீரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எதிர்ப்பொருள், அதாவது மின்னூட்டம் போன்ற குணங்கள் தலைகீழான துகள்களால் ஆன பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எடுத்து எழுதியதற்கே முதலில் நன்றி. ஆனால் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்எச்சிபி குழு 2025-ல் அறிவித்த முடிவோடு, பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் போய்ப் பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்ற புதிர் அவிழ்ந்துவிட்டது என்று கட்டுரையை முடித்திருப்பது சரியில்லை. எங்கள் பல்லடம் நூலகத்துக்கு வரும் நண்பர்கள் சிலர் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரி உண்டாகியிருக்க வேண்டும். இரண்டும் சந்தித்தால் ஒளியாகித் தீர்ந்துபோகும். இன்று பிரபஞ்சத்தில் இருக்கும் ஒளித்துகள்களையும் புரோட்டான், நியூட்ரான்களையும் ஒப்பிட்டால், ஏறக்குறைய நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் மட்டும் தப்பியது தெரிகிறது. நான் நூல் மில்லில் கணக்கு எழுதியவன். நூறு கோடி வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தால் ரவுண்டு ஆஃப் செய்துவிட்டுப் போவோம். இங்கே நட்சத்திரம், நொய்யல், நீங்கள், நான் எல்லாமே அந்த ஒரு ரூபாய்தான்.

எல்எச்சிபி பார்த்தது என்ன? பாட்டம் குவார்க் என்ற அடிப்படைத் துகளை உள்ளடக்கிய லாம்ப்டா-பி என்ற துகள், ஒரு புரோட்டானாகவும் மூன்று மீசான்களாகவும் (ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள்) சிதைவதுண்டு. அதன் எதிர்த்துகளும் அதே மாதிரி எதிர்ப்புரோட்டானைத் தந்து சிதைகிறது. 80,000-க்கும் மேற்பட்ட சிதைவுகளை எண்ணியதில், இரண்டும் சிதையும் அளவில் சுமார் 2.45 சதவீத வித்தியாசம். மீசான்களில் இப்படிப்பட்ட வித்தியாசத்தை 1964-லேயே க்ரோனினும் ஃபிட்சும் கண்டு, 1980-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். புரோட்டான் இனத்தைச் சேர்ந்த, மூன்று குவார்க்குகளால் ஆன பேரியான்களில் இதுதான் முதல் முறை. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை.

"நூறு கோடிக்கு ஒன்றுதானே வேணும், இங்கே நூற்றுக்கு இரண்டுக்கு மேலேயே இருக்குதுங்களே, தாராளமாப் போதுமே?" என்று நூலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டுரை இதைத் தொடவே இல்லை. துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் சராசரி ஆயுள் ஒன்றுதான். ஆகவே ஒரு வழியில் சிதைவு கூடினால், வேறு வழிகளில் அந்த அளவு குறைந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், லாம்ப்டா-பியும் ஒரு பேரியான், அது சிதைந்து வரும் புரோட்டானும் ஒரு பேரியான். எதிர்ப்பக்கமும் அப்படியே. இந்தச் சிதைவு எத்தனை முறை நடந்தாலும் பிரபஞ்சத்தின் பொருள் கணக்கில் ஒன்றுகூட ஏறாது.

பொருள் மட்டும் மிஞ்ச வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று ரஷ்ய இயற்பியலாளர் சகரோவ் 1967-ல் மூன்று நிபந்தனைகள் வைத்தார். பொருளும் எதிர்ப்பொருளும் வித்தியாசமாக நடக்க வேண்டும் என்பது ஒன்று. எல்எச்சிபி பார்த்தது அதில் ஒரு வகையை மட்டும். அதிலும் இப்போதைய கோட்பாடு தரும் வித்தியாசம் தேவைக்குப் பல கோடி மடங்கு குறைவு. பேரியான் எண்ணிக்கையே மாற வேண்டும் என்பது இன்னொன்று. புரோட்டான் என்றைக்காவது சிதைகிறதா என்று பார்ப்பது அதைச் சோதிக்க ஒரு வழி. 1980-களில் அந்தச் சோதனை கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் நடந்தது. நம் மக்கள் எத்தனையோ பேர் பாறை உடைத்த சுரங்கம் அது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி வந்திருக்கலாம். ஜப்பானில் பூமிக்கடியில் உள்ள சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடம் இன்றுவரை தேடியும் ஒரு சிதைவும் உறுதியாகவில்லை. புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின் 34 சுழியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது, இதெல்லாம் வெப்பச் சமநிலை குலைந்த நேரத்தில், அதாவது உண்டாவதும் அழிவதும் ஒன்றையொன்று ஈடுகட்டாத நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் செர்னில் மட்டுமே கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகளில் பெட் ஸ்கேனுக்குப் போடும் ஊசி மருந்திலிருந்து வெளிப்படுவது பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள். அது உடம்பிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும்போது வரும் இரண்டு காமா கதிர்களைத்தான் கருவி பிடிக்கிறது.

சகரோவின் நிபந்தனைகளை விளக்கி ஒரு தனிக் கட்டுரை போட்டால் நன்றாக இருக்கும். அப்புறம், படத்தில் எதிர்ப்புரோட்டானுக்குக் கூட்டல் குறி விழுந்திருக்கிறது. அது கழித்தல் குறியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் கணக்கர்,
பல்லடம்.