நாய்க்குட்டி வாங்குவதற்கு முன்

அன்புள்ள சுந்தர்,

உடனே பதில் போடாவிட்டால் நீ நேரே போய் லாப்ரடார் குட்டி வாங்கிவிடுவாய் என்ற பயத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பட்டாபி பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம்.

அப்பா போனதிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை, நாய் வளர்த்தால் மனம் தேறும் என்று படித்தேன் என்கிறாய். முனைவீட்டு நாய்க்குப் பயந்து மூன்று தெரு சுற்றி மெஸ்ஸுக்கு வந்தவன் நீ! அதை யார் வெளியே கூட்டிப் போவது? முழங்கால் வலியோடு அம்மாவா?

நீ படித்தது பொய்யில்லை. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொண்டு மனத்தைத் தேற்றும் இதே முயற்சியை ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் செய்திருக்கிறது. நானும் எங்கள் நாய் ராணியை ஒரு சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். ஆசிரியைகளின் முகத்தையே பார்க்காத ஒரு பையன் ராணியிடம் மட்டும் ‘உட்கார்’ என்று அதட்டுவான். அவளும் உட்காருவாள், எனக்குத்தான் கீழ்ப்படிவதில்லை. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் தற்செயலாகக் கண்டதும் இதுதான். யாரிடமும் ஒட்டாத சிறுவன் அவருடைய ஜிங்கிள்ஸ் என்ற நாயோடு ஒட்டிக்கொண்டான். 1960களின் தொடக்கத்தில் அவர் இதைச் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது, கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு என்று கேலி செய்தார்களாம். நீ அங்கே இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பாய்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 249 மாணவர்களில் பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்டிசால் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது கல்லூரிப் பிள்ளைகளின் பத்து நிமிடம். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை இழந்த துக்கத்துக்கு அதை மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது. தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போ. இதில் விளையாடாதே.

இன்னொன்று, நாயின் பக்கமும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு நிதானமான வளர்ந்த நாய் வேண்டும். தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் கடித்துக் குதறும் குட்டி எதற்கும் ஆகாது. ராணி உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பினால், ‘போதும்’ என்று அர்த்தம். குழந்தைகள் போகாதே என்று அழுதாலும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அம்மாவுக்கு நாய் பிடிக்குமா என்று கேட்டாயா? எனக்குத் தெரிந்து அவர் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் பிறந்த வீட்டுப் பசுங்கன்று லட்சுமியைப் பற்றித்தான். அந்தக் கன்று கிணற்றில் விழுந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்! உங்கள் தெருவில் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால், மாலையில் அம்மாவை அங்கே அழைத்துப் போ. அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை அவர் கையில் கொடு. நீ தள்ளி நின்றுகொள், ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று நச்சரிக்காதே. துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே அவர் அலுத்திருப்பார். மாடு அப்படி எதுவும் கேட்காது.

ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். போனை அம்மாவிடம் கொடு, உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
ராகவன்