ஆண்டறிக்கை 2025-26: மகளிர் ரக்பி பிரிவும் மாநகராட்சி நிதியும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

கேரம் போட்டி, கோடைக்காலக் கால்பந்து முகாம், ரத்த தான முகாம் மூன்றும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் அதிகம் பேசப்போவது மகளிர் ரக்பி பிரிவைப் பற்றித்தான். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடுவதுதான் ரக்பி. அதற்காகச் சென்னை மாநகராட்சியிடம் என்ன கேட்டோம், எதற்காகக் கேட்டோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது ரக்பிக்குப் பெயர் கிடைத்த ஆண்டு. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது. அது ஆண்களுக்கான லீக் என்றாலும், நம் பிள்ளைகள் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார்கள். ஆகஸ்டில் பீகார் மாநிலம் ராஜ்கிரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். செப்டம்பரில் லண்டனில் நடந்த மகளிர் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 81,885 பேர் வந்திருந்தார்கள். பெண்கள் ஆடும் ரக்பியைப் பார்க்க ஆள் வராது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்த ஆட்டம் எங்கே வளர்ந்தது என்று பார்த்தால், பணமும் இடமும் கிடைத்த ஊர்களில்தான். 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றதுதான் 15 பேர் ஆட்டத்தில் நம் மகளிர் அணியின் முதல் வெற்றி. கடைசி நிமிடங்களில் பெனால்டி உதைத்து அதை முடித்துக் கொடுத்த சுமித்ரா நாயக், புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்து வந்தவர். அடுத்த ஆண்டே ஒடிசா அரசு தேசிய ரக்பி அணிகளுக்கு ஸ்பான்சர் ஆனது. சுமித்ரா படித்த பள்ளியில் படிப்பு, சாப்பாடு, மைதானம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்தன. நம் பிள்ளைகளோ பள்ளி முடிந்து, வீட்டு வேலையில் கை கொடுத்துவிட்டு, வார்டு மைதானத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அரசு என்றால் முதலில் மாநகராட்சிதான்.

அந்த மைதானத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் பல பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. மே மாத வெயிலில் அப்படியே ஓடி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். உடை மாற்ற, சாமான் அறையில் இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். வயதுக்கு வந்ததும் வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசினால், டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதைப் பற்றிய பயம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் கேள்வி, "அந்த மூணு நாள் எங்க போவா?" என்பதுதான்.

இன்னொன்று தரை. மாநகராட்சி பல இடங்களில் செயற்கைப் புல் போட்டிருக்கிறது, கால்பந்துக்கு நல்லது. ரக்பியில் ஆளைப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டியிருப்பதால், புல்லுக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் அடுக்கு வேண்டும். உலக ரக்பி அமைப்பின் 22ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. அந்த அளவில் சோதிக்கப்படாத தரையில் நாம் டச் ரக்பி (சாய்க்காமல் கையால் தொட்டு மட்டும் ஆடுவது) மட்டும் ஆட வைக்கிறோம். டேக்கிள் பயிற்சிக்கு மண் தரைக்கு வர வேண்டும். மண்ணும் வெயிலில் காய்ந்தால் சிமெண்ட்போல் ஆகிவிடுகிறது. ஆகவே நாம் கேட்டது செம்மண் கொட்டிக் கிளறிப் புல் வளர்த்த ஒரு பகுதி, தண்ணீர்க் குழாய், விளக்கு, கதவும் தாழ்ப்பாளும் உள்ள உடைமாற்றும் அறை, கழிப்பறை. இவற்றில் பெரிய செலவு ஒன்றுமில்லை.

கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் கேட்டிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பரிசு ஒருநாள் மேடையோடு போய்விடும். கழிப்பறை இருந்தால்தான் மறுநாளும் பிள்ளை வருவாள். மைதானம் அமைத்துத் தருவது மாநகராட்சி இஷ்டப்பட்டுச் செய்யும் உதவியும் அல்ல. அரசியல் சாசனத்தின் 12வது அட்டவணை, உள்ளாட்சிக்குரிய பணிகளில் பூங்காவையும் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்தே சொல்கிறது.

நிதிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வார்டு மேம்பாட்டு நிதி. 2025-26 பட்ஜெட்டில் சென்னை மாநகராட்சி அதைக் கவுன்சிலருக்கு 60 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாலை, வடிகால், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கேட்பார்கள் என்பதால், நம் பங்கு தானாக வந்து சேராது. இன்னொன்று நமக்கு நாமே திட்டம்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். நம் மனுவைப் பார்த்துவிட்டுக் கவுன்சிலர் நேரில் வந்தார். உதவிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து போனார். பழுதாகிக் கிடந்த ஒரு கம்பத்தில் விளக்கு எரிகிறது. அந்த மூலையில் இப்போது ஏழு மணி வரை பந்தைப் பாஸ் செய்து பழகுகிறார்கள். அறைக்கும் கழிப்பறைக்கும் எஸ்டிமேட் இன்னும் வரவில்லை.

2024 அக்டோபரில் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாநகராட்சி மாமன்றத்தில் தீர்மானம் போட்டதும், எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அந்தக் கட்டணம் வந்திருந்தால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். மக்கள் பேசினால் மாமன்றம் கேட்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. இந்தக் கோரிக்கையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. நாள் அதிகமில்லை.

வெயிலிலும் மழையிலும் தவறாமல் வந்த பயிற்சியாளர் அக்காவுக்கும், பல்லைக் காக்கும் மவுத்கார்டு வாங்கித் தந்த பெற்றோர்களுக்கும், மாலை ஐந்தரை மணியிலிருந்து மைதானத்தின் ஒரு பாதியைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்த கிரிக்கெட் தம்பிகளுக்கும் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

நமக்கு நாமே திட்டத்தில் நம் பங்கைத் திரட்ட அனுமதி கேட்டுச் செயற்குழு தீர்மானம் கொண்டுவருகிறது. உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன். நிறைவேறினால் நாளையிலிருந்தே பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொள்ளலாம். எஸ்டிமேட் கேட்டு மண்டல அலுவலகத்துக்குப் போகும்போது பிள்ளைகளின் அம்மாக்களும் உடன் வந்தால் நல்லது. தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம்.

செயலாளர்