உதவி நாய்க்குட்டியை வளர்க்க நாங்கள் தயார்

ஐயா,

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கும் அமைப்புகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல்லாண்டுகளாக உள்ளன. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியைத் தன்னார்வக் குடும்பம் ஓராண்டுக்கு மேல் வளர்த்து, பயிற்சி மையத்திடம் ஒப்படைக்கும். கூட்டம், ஹாரன், படிக்கட்டு எதற்கும் மிரளாமல் பழக்குவதுதான் அக்குடும்பத்தின் முக்கிய வேலை. அதற்கு எங்கள் வடசென்னையைவிடத் தோதான இடம் ஏது? எம்.சி. ரோட்டு நெரிசலில் பதறாமல், காசிமேட்டு மீன் வாடைக்கு மயங்காமல் நடக்கும் நாய் எங்கும் நடக்கும். பிரியும் நாளில் பிள்ளைகள் அழுவார்கள். தெரிந்தேதான் சொல்கிறோம், எங்கள் வீடு தயார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து இத்திட்டத்தைத் தொடங்க வேண்டும். பயிற்சிக் குட்டிகளை மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் அழைத்துச்செல்ல அனுமதியும் வேண்டும்.

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை