நூறு நாள் அவகாசம்

எடிசன், நியூ ஜெர்சி
9 மார்ச் 2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் பிப்ரவரிக் கடைசியில் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் உன்னை விடாமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. விடுதியில் எல்லோருக்குமாக வார்டனிடம் வாதாடப் போனவள் நீதானே. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க, கொரோனா ஊரடங்கில் குழு கூட முடியாமல் ஒரு மாணவியின் புகார் மாதக்கணக்கில் கோப்பிலேயே கிடந்ததைப் பழைய உறுப்பினர் ஒருவர் உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அதே காலத்தில் இங்கே கல்வி நிலையங்களில் அத்தகைய புகார்களை விசாரிக்கப் புதிய விதியையே கொண்டுவந்தார்களே, அதை ஒத்திவைக்கச் சொல்லி ஏன் அத்தனை பேர் கேட்டார்கள், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்றும் கேட்டிருந்தாய். நான் ஒத்திவைக்கக் கேட்டவர்களின் பக்கம் நின்றேன். அதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதை இந்த ஐந்து ஆண்டுகளாக மனத்துக்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். கேட்பதற்கு நீ ஒருத்தி கிடைத்ததால் எழுதுகிறேன்.

டைட்டில் நைன் என்று இங்கே எல்லோரும் சொல்வது 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒரு பகுதியை. கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினத்தின் பேரில் ஒருவரை ஒதுக்கவோ அவருக்குரிய பலனை மறுக்கவோ கூடாது என்பதே அதன் சாரம். மூலத்தில் ஒரே வாக்கியம்தான், பாலியல் துன்புறுத்தல் என்ற சொல்லே அதில் கிடையாது. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவை நீதிமன்றங்களும் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகமும். 2011 ஏப்ரலில் ஒபாமா அரசு எல்லா நிறுவனங்களுக்கும் 19 பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பி, சான்றுகள் எந்தப் பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்கின்றனவோ அந்தப் பக்கம் முடிவு செய்தால் போதும் என்றது. நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனி அலுவலகம் தோன்றியதும், புகார்களை முதலில் கேட்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்ததும் அதன் விளைவுகளே. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்ற குறை அன்றே இருந்தது. எங்களுக்கு உகந்த கடிதம் என்பதால் நாங்கள் அந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரம்ப் ஆட்சியில் கல்வித்துறைச் செயலராக வந்த பெட்சி டிவோஸ் (நம் ஊர்க் கணக்கில் அமைச்சர்) 2017 செப்டம்பரில் அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 2018 நவம்பரில் முறைப்படியான வரைவு விதியை வெளியிட்டார். 1,24,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. அவற்றைப் படித்து முடிக்க அரசுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இந்த ஒன்றரை ஆண்டை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

2020 மார்ச்சில் வளாகங்கள் ஒரே வாரத்தில் காலியாயின. விடுதி மாணவர்களைப் பெட்டி படுக்கையோடு அனுப்பிவிட்டு, வகுப்புகளை ஜூமுக்கு மாற்றிவிட்டு, விமானம் கிடைக்காத வெளிநாட்டு மாணவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தோம். நியூ ஜெர்சி அந்த வசந்தத்தில் பட்ட பாடு உனக்குத் தெரியும். அப்போது நாம் தினமும் பேசிக்கொண்டோம். இந்த நிலையில் இறுதி விதி வரப்போகிறது என்ற செய்தி பரவவே, மார்ச் கடைசியில் பேட்டி மர்ரி, எலிசபெத் வாரன், கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் ஆகிய மூன்று செனட்டர்கள் இப்போது வெளியிட வேண்டாம் என்று டிவோஸுக்கு எழுதினார்கள். பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான அமெரிக்கக் கல்விக் கழகமும், பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர்களின் சங்கமும், பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களும் அதையே கேட்டார்கள். குடிமை உரிமை காத்திருக்க முடியாது, மாணவர்களின் வழக்குகள் இப்போதும் தீர்க்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன என்பது துறையின் பதிலாக இருந்தது. மே 6 அன்று விதி வெளியானது: 2,033 பக்கம். ஆகஸ்ட் 14 முதல் நடைமுறை. எண்ணிப் பார்த்தால் சரியாக நூறு நாள்.

அதை நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் படித்தேன். பெரும்பகுதி, வந்த கருத்துரைகளுக்குத் துறை சொன்ன பதில்கள். விதியின் வாசகம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கு எங்கள் நடைமுறை முழுவதையும் மாற்றச் சொன்னது. விசாரிப்பவர் முடிவு சொல்லக் கூடாது, மேல்முறையீட்டைக் கேட்பவர் இருவரும் அல்லாத மூன்றாமவராக இருக்க வேண்டும். சான்றுகள் அனைத்தையும் இரு தரப்பும் பார்த்துப் பதில் எழுத 10 நாள், அறிக்கையைப் படிக்க விசாரணை நாளுக்கு முன் இன்னொரு 10 நாள். உயர்கல்வி நிறுவனங்களில் நேரடி விசாரணை நடக்க வேண்டும், அதில் ஒவ்வொரு தரப்பின் ஆலோசகரும் மறுதரப்பைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆலோசகர் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகமே கட்டணமின்றி ஒருவரைத் தர வேண்டும். துன்புறுத்தலின் இலக்கணமும் சுருங்கியது. உடல்ரீதியான தாக்குதல், பின்தொடர்தல் போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டாலும், மற்ற நடத்தைகள் கடுமையானவையாகவும் பரவலானவையாகவும் எவர் பார்த்தாலும் அருவருப்பானவையாகவும் ஒருசேர இருந்து கல்வியைத் தடுத்தால்தான் கணக்கில் வரும். உச்ச நீதிமன்றம் 1999இல், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் இழப்பீட்டுக்கு வகுத்த அளவுகோல் அது. ஓர் அலுவலகம் அன்றாடம் புகார் வாங்குவதற்கும் அதையே அளவுகோலாக்கியதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

பள்ளிகளின் பாடு வேறு விதமானது. அங்கே நேரடி விசாரணை கட்டாயமில்லை, எழுத்து மூலமான கேள்விகள் போதும். ஆனால் பள்ளியின் ஊழியர் எவருக்கேனும் செய்தி தெரிந்தால் பள்ளிக்கே தெரிந்ததாகக் கொள்ளப்படும் என்று விதி சொன்னது. ஆசிரியர் மட்டுமல்லர், பேருந்து ஓட்டுநரும் உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவரும் அதில் அடக்கம். ஒரு குழந்தை தன் பயத்தை முதலில் சொல்வது யாரிடம் என்பதை அறிந்து எழுதிய நல்ல விதி அது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு அத்தனை பேருக்கும் பயிற்சி தர வேண்டும். அந்தக் கோடையில் அதே ஓட்டுநர்களும் பரிமாறுகிறவர்களும் மூடிய பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு மதிய உணவுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் பள்ளி திறக்குமா என்பதே தெரியாத கண்காணிப்பாளர்கள் ஓராண்டு பொறுங்கள் என்று கேட்டதில் எந்தச் சூதும் இல்லை.

எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகங்களிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், வீட்டிலிருந்தே இயங்கக்கூடிய அலுவலகங்கள் இருந்தன. மேலும், முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பில்லாமல் ஒருவனைக் கல்லூரியிலிருந்து நீக்குவது நியாயமா என்ற கேள்வியை எழுப்பியது டிவோஸ் மட்டுமல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கில் 2018இலேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கு விசாரணை வேண்டும் என்றது. எங்கள் மாநிலத்தையும் உள்ளடக்கும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (மூன்றாம் வட்டம் என்பார்கள்) 2020 மே இறுதியில், நியாயமான நடைமுறை தருவதாக வாக்களிக்கும் தனியார் கல்லூரிக்கும் அது பொருந்தும் என்று கூறிவிட்டது. அதாவது விதி ஒத்திப்போயிருந்தாலும் அந்தக் கேள்வி எங்களை விட்டிருக்காது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வரைவைப் படித்த நாங்கள், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ‘இப்போது வேண்டாம்’ என்று எழுதிய எங்களில் பலர் மனத்தில் இருந்தது ‘எப்போதுமே வேண்டாம்’ என்பதுதான். நவம்பரில் தேர்தல் இருந்தது, அதுவரை தள்ளிவிட்டால் விதியே மறைந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அரசுக்கும் அதே நாட்காட்டிதான். ஆட்சியின் கடைசி மாதங்களில் வெளியாகும் விதியை அடுத்த நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே ரத்து செய்ய ஒரு சட்டம் இடம் தருகிறது, ஆகவே காலம் கடத்த அவர்களால் முடியாது. இரு தரப்பும் தேர்தலைப் பார்த்துக்கொண்டே, ஒரு தரப்பு நோயைக் காரணம் காட்டியது, மறுதரப்பு நீதியைக் காரணம் காட்டியது. நான் கையெழுத்திட்ட கடிதத்திலும் மருத்துவமனைகளும் பிணவறைகளும் இருந்தன. துன்புறுத்தலின் புதிய இலக்கணம் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எங்கேயும் இல்லை. அந்தக் கடிதத்தை நான் இப்போது எடுத்துப் பார்ப்பதில்லை.

வழக்குகள் தொடுக்கப்பட்டன. நியூ ஜெர்சி உட்பட 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் ஜூன் 4 அன்று சேர்ந்து வழக்குத் தொடுத்தன, நியூயார்க் தனியாகப் போனது. ஆகஸ்ட் 9இல் நியூயார்க் நீதிபதியும், 12இல் வாஷிங்டன் நீதிபதியும் தடை விதிக்க மறுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து விதி நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்தவற்றுக்கு அது பொருந்தாது என்று துறை விளக்கியதால் எங்கள் மேசையில் இரண்டு நடைமுறைகள் அருகருகே இருந்தன. ஆகஸ்ட் 13 இரவு நடந்ததற்கு ஒன்று, மறுநாள் நடந்ததற்கு வேறொன்று.

பிறகு நடந்ததில் எனக்கே வியப்பான ஒன்று உண்டு. நேரடி விசாரணை என்றதும் நாங்கள் மிகவும் அஞ்சியது, புகார் கொடுத்த பெண்ணும் அந்த ஆணும் ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்குமோ என்பதை. ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் காணொலி வழியாகத் தனித்தனி இடங்களில் நடத்தலாம் என்று விதியே அனுமதித்திருந்தது. நோய்க்காலம் அந்த விலக்கை எல்லா இடத்திலும் வழக்கமாக்கிவிட்டது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒரு மாணவி, தன் பள்ளிக்கால அறையில் கதவைத் தாழிட்டு, அடுத்த அறையில் தாய் தந்தையின் தொலைக்காட்சிச் சத்தம் கேட்க, அந்நியர் ஒருவரின் கேள்விகளுக்கு அடங்கிய குரலில் பதில் சொன்னதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்’ என்று ஆலோசகர் இரண்டு முறை கேட்டார். அவர் மேல் பிழையில்லை.

விதியின் எல்லையும் இடறியது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் இடம், நிகழ்ச்சி, அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்பின் கட்டடம் என்று வளாகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. ஜூம் வகுப்பில் நடந்தால் உள்ளே வரும்; வளாகம் மூடியதால் நான்கு பேர் சேர்ந்து வெளியே எடுத்த வாடகை வீட்டில் நடந்தால் வெளியே போகும். வளாகமே இல்லாத ஆண்டில் வளாகத்துக்கான விதி நடைமுறைக்கு வந்தது.

ஆனால் நான் அதிகம் வருந்துவது இவற்றுக்காக அல்ல. இங்கே ஒரு பல்கலைக்கழகம் இத்தகைய கொள்கையை மாற்றுவதென்றால் ஆசிரியர் பேரவைக்குப் போகும், மாணவர் மன்றத்துக்குப் போகும், யாராவது ஒருவர் எழுந்து எல்லோரையும் எரிச்சலூட்டும் கேள்வியைக் கேட்பார், ஓராண்டு இழுக்கும். குறுக்கு விசாரணையை ஆலோசகர் எந்தத் தொனியில் நடத்தலாம், சான்று ஒரு பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்ந்தால் போதுமா, தெளிவாக நம்பவைக்க வேண்டுமா என்ற இரண்டு அளவுகோல்களில் எதைத் தேர்வது என்பவற்றை நிறுவனமே முடிவு செய்ய விதி இடம் விட்டிருந்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் கோடை விடுமுறையில், நோயில், துக்கத்தில் இருந்தார்கள். ஆகவே வழக்கறிஞர்கள் எழுதினார்கள், நாங்கள் ‘இடைக்காலக் கொள்கை’ என்று அட்டையில் போட்டு வெளியிட்டோம். அவகாசம் கேட்க எங்களுக்கு இருந்த உண்மையான காரணம் அது ஒன்றுதான், அதை எங்கள் கடிதத்தில் எழுதவில்லை.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். குறுக்கு விசாரணைக்கு உட்படாதவரின் வாக்குமூலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற பகுதியை மாசசூசெட்ஸ் நீதிபதி ஒருவர் 2021 ஜூலையில் நீக்கினார். பைடன் அரசு 2022 ஜூனில் புதிய வரைவு வெளியிட்டு, 2,40,000 கருத்துரைகள் வாங்கி, 2024 ஏப்ரல் 19இல் இறுதி விதியை அறிவித்து, ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை என்றது. எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன், 104. அப்போது கொள்ளைநோய் இல்லை, ஆனால் நூறு நாள் போதாது என்று முன்பு எழுதிய நான் அந்த முறை எதுவும் எழுதவில்லை. அந்த விதி 26 மாநிலங்களில் தடைபட்டு, இந்த ஜனவரி 9இல் கென்டக்கி நீதிமன்றத்தில் முழுவதுமாக ரத்தாகி, 2020 விதியே மீண்டும் வந்துவிட்டது.

போன மாதம் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் தொலைபேசியில் அழைத்து, பழைய பயிற்சித் தாள்கள் என்னிடம் இருக்கின்றனவா என்று கேட்டாள். தேடிக் கொடுத்தேன். அட்டையில் ‘இடைக்கால’ என்ற சொல் அப்படியே இருந்தது. இந்த முறையாவது ஆசிரியர் பேரவைக்கும் மாணவர் மன்றத்துக்கும் கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறேன். செய்வாளா தெரியவில்லை, ஆட்கள் குறைவு என்கிறாள்.

மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி சொல்கிறதல்லவா? உன் கல்லூரியில் அந்த மூவர் உண்மையிலேயே தேர்தலில் வந்தார்களா, முதல்வர் பெயர் எழுதிக் கொடுத்தாரா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும்.

என்றும் அன்புடன்,
சரோஜா