கைப்பிரதியைப் படித்துக் குறிப்பெழுதிய உங்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்களின் நினைவுக் கதைகள் அச்சுக்குப் போய்விட்டன. கைப்பிரதியை வாங்கிப் படித்து, ஓரத்தில் பென்சிலாலும் தனித்தாளில் கடிதமாகவும் எழுதி அனுப்பிய அனைவருக்கும் தொகுப்புக் குழுவின் மனமார்ந்த நன்றி. மனம் கலங்கிவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. எந்தப் பக்கத்தில் கலங்கியது, எந்த வரியில் கதை பிடிபடாமல் திரும்பிப் படிக்க வேண்டியிருந்தது என்றும் சேர்த்து எழுதியவர்களால்தான் நூல் திருந்தியது.

முதலில் காலக் கணக்கு. நம் பெரியவர்கள் ‘விஷு வருஷம் தை மாசம் கிளம்பினோம்’ என்றுதான் சொல்வார்கள். விஷு பிறந்தது 1941 சித்திரையில் என்பதால் பேரப்பிள்ளைகள் 1941 என்று எழுதிவிடுகிறார்கள். தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் வருபவை. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23-லும் 25-லும். குண்டுக்குப் பயந்து ஓடிய குடும்பம், குண்டு விழுவதற்குப் பதினோரு மாதம் முன்பே ஓடியதாகக் கைப்பிரதியில் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்ன திருப்பத்தூர் வாசகருக்கு நன்றி. அதன்பின் எல்லாத் தேதிகளையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தோம்.

பஞ்சாங்கம் தெரிந்த அம்மையார் ஒருவர் செய்த உதவியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டு ஜாதகத்தில் ஆண்டு ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை என்பதால், அது 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பெயரும் உதவவில்லை. குரு, சனி நிற்கும் ராசியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பலரும் நினைப்பார்கள். அறுபது வருஷத்தில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்துப் பழைய ராசிக்கோ அதற்கு அடுத்ததற்கோ வந்துவிடும், வித்தியாசம் தெரியாது. ராகுவுக்கு ஒரு சுற்று சுமார் 18½ ஆண்டு. அறுபது வருஷத்தில் மூன்று சுற்று முடித்து, பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று ராசி தள்ளி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, கிழமையும் நட்சத்திரமும் தேதியோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, ஜாதகம் பேரனுடையதுதான் என்று எழுதி அனுப்பினார். வம்சாவளிப் பக்கம் நேரானது அவரால்தான்.

1938-ல் ரங்கூன் கடைத்தெருவில் ‘ஓட்டைக் காலணா’ கொடுத்து வெற்றிலை வாங்கியதாக ஒரு வரி. நடுவில் துளையிட்ட அந்தக் காசு 1943-ல்தான் அச்சானது என்று நாணயம் சேர்ப்பவர் ஒருவர் எழுதினார். சொன்ன பெரியவர் பொய் சொல்லவில்லை. பிற்பாடு ஊரில் புழங்கிய காசு நினைவில் முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. வரியை வெட்டாமல், அடிக்குறிப்பில் ஆண்டைக் கொடுக்கச் சொன்ன அவர் யோசனையையே ஏற்றோம்.

வழித்தடம் பற்றி வந்த கடிதங்கள்தான் அதிகம். அண்ணன் மலையேறி வந்தேன் என்கிறார், தம்பி படகில் வந்தேன் என்கிறார். யாரோ ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று குடும்பமே நம்பியிருந்தது. புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்கப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங் என்பது ஒரு வழி. கலேவா, தமு, பலேல், இம்பால் வழியாக மலையேறி மணிப்பூருக்குள் வருவது இன்னொன்று. இரண்டு பேரும் சரி, வெவ்வேறு வழியில் வந்திருக்கிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டிய ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியருக்கு அந்தக் குடும்பமும் நன்றி சொல்லச் சொன்னது. ‘மணிப்பூர் ரோட்டில் ரயில் ஏறினோம்’ என்பதைச் சாலை என்று நினைத்துக் குழம்பியவர்களுக்கு, அது திமாப்பூர் ரயில் நிலையத்தின் அன்றைய பெயர் என்று விளக்கியவரும் அவரே.

பழைய கணக்குப் பேரேட்டில் தமிழ் எண்ணில் இருந்த ௩௰௫ என்பதைத் தட்டச்சில் 3105 என்று அடித்திருந்தார்கள். ௰ என்பது பத்தைக் குறிக்கும். மூன்று பத்தும் ஐந்தும், அதாவது 35. பழைய கணக்கு படிக்கத் தெரிந்த இருவர் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) முழுவதையும் கூட்டிப் பார்த்து, கூட்டு இடித்த இடங்களிலெல்லாம் இதே பிழை என்று கண்டுபிடித்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய நன்றி மதுரையிலிருந்து வந்த ஒரு தபால் அட்டைக்கு. ‘நடந்த வழியில் எதில் சமைத்தார்கள்? பாத்திரத்தை யார் தூக்கினார்கள்?’ என்று மட்டும் அதில் இருந்தது. ஆண்கள் சொன்ன கதைகளில் துறைமுகமும் கடையும் கணக்கும் இருந்தன, அடுப்பு இல்லை. அட்டையோடு போய் வீட்டுப் பெண்களிடம் கேட்டோம். அப்போது எட்டு வயதாக இருந்த ஒரு ஆச்சி, அம்மாவின் பாவாடை மடிப்பில் தாலிச் சங்கிலியை வைத்துத் தைத்திருந்ததையும், ஒரே பித்தளைத் தூக்கில் கஞ்சி காய்ச்சி, குடித்ததும் அதிலேயே தண்ணீர் மொண்டதையும் சொன்னார். காலரா பரவிய வழியில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் அம்மா யாருக்கும் தரவில்லையாம். ஒரு முழு அத்தியாயம் அந்த அட்டையால் வந்தது.

வேறொரு கதையில், தம்பியை வழியில் விட்டுவிட்டு வந்த பகுதியை விரித்து எழுதுங்கள் என்று சிலரும், தொடாதீர்கள் என்று சிலரும் கேட்டீர்கள். சொன்னவர் அங்கே இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்; நாங்களும் இரண்டு வாக்கியத்தோடு விட்டிருக்கிறோம். மாற்றுக் கருத்து சொன்னவர்களின் அக்கறைக்கும் நன்றி.

வீடுகளில் இருந்த பழைய நோட்டுப் புத்தகங்களைப் படம் எடுத்துக் கொடுத்த இளைஞர்கள், செல்லோடேப் ஒட்டிப் பழுப்பேறிய பக்கங்களைப் பிய்க்காமல் அப்படியே படம் பிடித்தார்கள். பிய்த்திருந்தால் மையும் சேர்ந்து வந்திருக்கும். மூல நோட்டுகள் அந்தந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. 47-ஆம் பக்கத்துப் புகைப்படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று தெரிந்தவர்கள், படத்தில் எழுதாமல் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் பெயர் போட்டுவிடலாம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்