கல்வட்டம் முதல் கலோடன் வரை: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எடின்பரோவில் மாதந்தோறும் கூடும் நமது தமிழ் வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரே வகை நூல்களையே எடுத்துக்கொண்டோம். இக்காலத்துப் பெண் ஒருத்தி எப்படியோ பழைய ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள ஒருவனிடம் மனதைப் பறிகொடுக்கும் காலப்பயணக் காதல் நாவல்கள். தீர்மானம் எளிதாக நிறைவேறவில்லை. "இந்த அட்டைப்படங்களை வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படிப் படிப்பது? இதற்கு ஒரு வருடம் வேண்டுமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கேள்வியை நாங்கள் மதித்தோம். ஆண்டு முழுக்கப் படித்தபின் என் பதில் இதுதான்: நல்ல கையில் இந்த வகை நாவல் வரலாற்றைத் தேதியோடு சொல்வதோடு நிற்பதில்லை, அந்தத் தேதி வருவதற்குள் நம்மைப் பதறவும் வைக்கிறது. 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சிப்படை அரசுப் படையிடம் தோற்கப்போகிறது என்பது கதாநாயகிக்குத் தெரியும், அவள் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரியாது. பாடப்புத்தகம் தர முடியாத வலி அது.

முதல் கூட்டத்துக்கு 1991-இல் வெளிவந்த 'அவுட்லேண்டர்' நாவலை எடுத்தோம். அதை விட்டுவிட்டு இந்த வகையைப் பேச முடியாது. 1945-இல் போர் முடிந்து கணவனோடு ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸுக்கு வந்த நர்ஸ் ஒருத்தி கல்வட்டத்தின் வழியே 1743-க்குள் விழுகிறாள். எழுதிய டயானா கேபல்டன் அமெரிக்கர். ஸ்காட்லாந்தில் கால் வைக்காமலே, நூலகப் புத்தகங்களைத் துணையாகக் கொண்டு எழுதத் தொடங்கியவர். தொலைக்காட்சியில் ஓர் ஆங்கிலக் காலப்பயணத் தொடரின் ஹைலேண்ட் இளைஞன், அங்குள்ள ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கில்ட் அணிந்து வந்ததைப் பார்த்ததே தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது கூட்டம் இந்த மண்ணின் பழங்கதைகளுக்கு. இங்கே காலம் தவறிப்போவது நாவலாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமே அல்ல. எர்சில்டூன் தாமஸ் எய்ல்டன் குன்றுகளில் தேவதை அரசியைச் சந்தித்து, அவளோடு போய் ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியதாகப் பழம்பாடல் சொல்கிறது. இன்வர்னஸின் டொம்னஹூரிச் குன்றுக்குள் ஒரே ஒரு இரவு வாசித்துவிட்டு வெளியே வந்த இரண்டு பிடில்காரர்களுக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை, தலைமுறைகள் கடந்துவிட்டிருந்தன. அபர்ஃபாயில் பாதிரியார் ராபர்ட் கெர்க் இந்தக் குன்றுவாசிகளைப் பற்றி 1691-இல் ஒரு நூலே எழுதினார், மறு ஆண்டு இறந்தார். அவர் இறக்கவில்லை, குன்றுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார் என்பது ஊர்ப்பேச்சு. அன்றைக்குக் கதை சொன்ன உறுப்பினர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். எனக்கு இந்த ஆண்டின் மிக இனிய மாலை அதுதான்.

அடுத்து நடந்தது சூடான விவாதம். முதல் நாவலில் 1743-இல் சூனியக்காரி விசாரணை வருகிறது. சட்டம் படித்த நம் உறுப்பினர் எழுந்து, 1563-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சூனியச் சட்டம் 1735-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டு, 1736-இலிருந்து அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்துவிட்டதை எடுத்துக்காட்டினார். சட்டப்படி அப்படியொரு விசாரணைக்கு இடமில்லை. அப்படியானால் அந்த அத்தியாயம் பொய்யா என்ற கேள்வி எழுந்தது. சட்டம் எடுபட்டாலும் ஊரின் பயம் உடனே எடுபடாது என்பது ஒரு தரப்பு. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு திரட்டிய பட்டியலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 3,800-க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் துயரத்தைக் கதையின் வேகத்துக்காக இடம்மாற்றி வைப்பது நியாயமா என்பது எதிர்த்தரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம். ஆனால் 2022 மார்ச் 8 அன்று அன்றைய முதலமைச்சர் நாடாளுமன்றத்தில் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்ட செய்தியை அந்த நாவலைப் படித்தபிறகே முதன்முறையாகத் தேடிப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்யும் நம் உறுப்பினர் நடத்திய கூட்டம் இன்னும் நீண்ட நேரம் போயிருக்க வேண்டியது. அந்தக் காலத்துக்குப் போனால் உண்மையில் எதைச் செய்ய முடியும் என்று அவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: கொதிக்க வைத்த துணி, தேன், பூண்டு, வடித்த சாராயம், எலுமிச்சை. பெனிசிலினை ஏர்ஷயரில் பிறந்த ஃபிளெமிங் கண்டது 1928-இல், எனவே அது கதாநாயகியின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. எலுமிச்சை அப்படியல்ல. எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வி நோயைத் தீர்ப்பதைக் காட்டினார். எதிர்காலத்திலிருந்து யாரும் வராமலே அந்த நூற்றாண்டு தானாக எழுந்துகொண்டிருந்தது.

வரைபடப் பட்டறைக்கு இளைய உறுப்பினர்கள் அதிகம் வந்தார்கள். கலோடனுக்குப் பிறகு, 1747 முதல் 1755 வரை ராணுவத்துக்காக வில்லியம் ராய் அளந்த வரைபடத்தை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. குதிரையில் 'ஒரே இரவில்' போய்ச் சேர்ந்ததாக நாவல்கள் சொல்லும் பாதைகளை அதில் விரல் வைத்துத் தேடினோம். பல இடங்களில் பாதையே இல்லை. இருந்த நல்ல சாலைகள் பெரும்பாலும் அரசுத் தளபதி ஜெனரல் வேட் கிளர்ச்சியை அடக்கப் போட்டவை. அவற்றில் முதலில் பயனடைந்தவர்களில் கிளர்ச்சிக்காரர்களும் உண்டு.

அட்டைப்படக் கில்ட் பற்றியும் ஒரு வார்த்தை. குலத்துக்கு ஒரு டார்ட்டன், அதாவது கட்டம்போட்ட துணி வடிவம், என்ற ஒழுங்கு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழா அதற்குப் பெரிய உந்துதல். கதை நடக்கும் காலத்திலோ அந்த உடைக்குத் தடையே வந்தது: 1747 ஆகஸ்ட் முதல் ராணுவத்தில் இல்லாத ஆண்கள் ஹைலேண்ட் உடை அணிந்தால் ஆறு மாதச் சிறை, மீண்டும் சிக்கினால் ஏழு ஆண்டு நாடுகடத்தல். தடை நீங்கியது 1782-இல்.

ஆண்டுப் பயணம் கலோடனுக்கு. ஏ9 சாலையில் காலையிலேயே கிளம்பி, முதலில் கிளாவா கற்குவியல்களைப் பார்த்தோம். 4,000 ஆண்டுகள் பழமையான கல்லறைகள், சுற்றிலும் நிற்கும் கற்கள். ஒரு கல் மேலிருந்து கீழ்வரை பிளந்து நிற்கிறது. நாவலில் வரும் கல்வட்டம் கற்பனை என்றாலும், அந்தப் பிளவில் கைவைத்துப் படமெடுக்க வருகிறவர்கள் ஏராளம். கல்லறையின் நடைவழி ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த குளிர்கால நாளில் மறையும் சூரியனை நோக்கி அமைந்திருக்கிறது. கட்டியவர்கள் காலத்தைக் கல்லால் கணக்கு வைத்தவர்கள்.

அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் போர்க்களம். போருக்கு முந்தைய இரவு அரசுப் படைத் தளபதி கம்பர்லேண்ட் பிரபுவின் முகாமைத் தாக்க நெய்ர்ன் நோக்கி நடந்து, பாதி வழியில் திரும்பி, பட்டினியோடும் தூக்கமில்லாமலும், பிரிட்டன் அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்கக் கிளர்ச்சி செய்த இளவரசர் சார்லஸின் படையினர் அந்தச் சதுப்பு நிலத்தில் நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அவர்கள் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 1,500, அரசுத் தரப்பில் ஐம்பதை ஒட்டி. நீலக் கொடிகளும் சிவப்புக் கொடிகளும் இரு அணிகள் நின்ற வரிசையைக் காட்டுகின்றன. அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். 'இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய போர்' என்று பல நாவல்கள் எளிமையாக்கிவிடுவது எனக்கு ஏமாற்றமே.

குலங்களின் பெயர் பொறித்த கற்களை டங்கன் ஃபோர்ப்ஸ் 1881-இல் நட்டார். இடுப்பளவுகூட உயரமில்லாத கரடுமுரடான கற்கள். ஃபிரேசர் கல்லுக்கு மட்டும் கூட்டம் வருகிறது, 'அவுட்லேண்டர்' நாவலின் கற்பனைக் காதலன் ஜேமி ஃபிரேசருக்காக. மிதிபட்டுப் புல் அழிந்ததால் அதைச் சுற்றி வேலி கட்டிப் பாதுகாக்க வேண்டிவந்தது. அங்கே பூ வைத்து அழுதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், அந்த அழுகை உண்மையானது. ஆனால் கீழே கிடப்பவர்களுக்குப் பெயர் இருந்தது, வீடு இருந்தது, அது போர்க்கல்லறை. எனவே நாங்கள் எந்தக் கல்லருகிலும் படமெடுப்பதில்லை, பாதையை விட்டு இறங்குவதில்லை என்று பேருந்திலேயே முடிவெடுத்துப் போனோம். எல்லோரும் கடைப்பிடித்ததற்கு நன்றி.

திரும்பும் வழியில், கதாநாயகி என்றால் எதற்குக் காலப்பயணம் செய்தவளைத் தேட வேண்டும் என்று நம் துணைத்தலைவர் கேட்டார். அவர் சொன்னது ஆன் மெக்கின்டாஷ் பற்றி. கணவர் அரசுப் படையில் அதிகாரி. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆனோ இளவரசருக்காகக் குலத்தைத் திரட்டினார். 1746 பிப்ரவரியில் இளவரசர் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, கொல்லர் ஒருவரும் நான்கு துணைவர்களும் இருட்டில் பெரும்படை போலக் கூச்சலிட்டு 1,500 அரசு வீரர்களைத் திரும்பி ஓடவைத்தார்கள். எழுதக் காத்திருக்கும் நாவல் அது.

நம் ஊரோடு உள்ள ஒரு தொடர்பைக் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த உறுப்பினர் கொண்டுவந்தார். 1745 கிளர்ச்சியில் சேர்ந்து பிடிபட்டு மன்னிப்புப் பெற்ற ஜான் மெக்கன்சி, அதாவது மக்லவுட் பிரபு, பின்னாளில் அரசுக்காகவே ஹைலேண்ட் படையொன்றைத் திரட்டினார். அது 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கியது. அதே செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் அழித்த, கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் அணியில் அந்தப் படையின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. கலோடனில் தோற்ற மண்ணின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் காஞ்சிபுரத்துப் பக்கம் செத்துக் கிடந்தார்கள். அன்று கூட்டத்தில் அதற்குப் பிறகு வேறெதையும் பேசத் தோன்றவில்லை.

இதர செய்திகள். இரவல் அலமாரி ஒழுங்காக நடக்கிறது, திரும்ப வராத புத்தகங்களைத் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். கூட்ட இடம் தந்தவர்களுக்கும், மாதந்தோறும் டீயும் வடையும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு செயற்குழு மூன்று பரிந்துரைகளை வைக்கிறது. ஒவ்வொரு நாவலோடும் அந்தக் காலத்துக் கடிதம், சட்டம், வரைபடம் என ஏதாவது ஓர் அசல் ஆவணத்தையும் சேர்த்தே படிப்பது. 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கை ஓரளவேனும் அறிந்தவர்கள் 1,30,000 பேர் அளவிலேயே இருக்கும் நிலையில், நாவல்களில் வரும் கேலிக் வரிகளைச் சரியாக உச்சரிக்கவாவது ஓர் ஆசிரியரை அழைத்துத் தொடக்க வகுப்பு நடத்துவது. ஏப்ரல் 16-ஐ ஒட்டிய சனிக்கிழமை கலோடனில் நடக்கும் நினைவஞ்சலியில் வட்டத்தின் சார்பில் கலந்துகொள்வது. மலர்வளையம் வைப்பதாக இருந்தால் அது பொது நினைவுக்குவியலில் மட்டும்.

இந்த அறிக்கையை ஏற்று, பரிந்துரைகளின் மீது கருத்துச் சொல்லுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்