காயலான் கடைக்குப் போகவிருந்த 14 கீபோர்டுகள்

தென்பெண்ணைத் தண்ணீர் தெருவுக்குள் வந்த கதை ஊருக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. நம் கம்ப்யூட்டர் வகுப்பறையில் ஈர வாடை இன்னும் போகவில்லை. சிபியுக்களில் எது தேறும் என்பதும் தெரியாது. ஆனால் டேட்டா என்ட்ரி வேலைக்கான தேர்வை நம் பிள்ளைகள் எழுதிவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முதல் நன்றி. வாசலில் கொட்டிக் கிடந்த 14 கீபோர்டுகளை "நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். ஸ்பேருக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தோம். நான்காம் நாள் ஒன்பதை உயிரோடு கொண்டுவந்து வைத்தார்.

எப்படிச் செய்தார் என்பதையும் எழுதிவிடுகிறோம், வேறு யாருக்காவது உதவும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கவனிக்காமல் நெம்பினால் மூடி உடையும். உள்ளே ரப்பர் விரிப்பு, அதற்கும் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடம், நடுவில் இருப்பது இரண்டும் ஒட்டாமல் காக்க. சேறு போய் உட்காருவது இந்த இடுக்கில்தான். நல்ல தண்ணீரில் அலசி, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் ஒற்றி, நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தடமே அழிந்துபோகும். தின்னர் பக்கமே போகக்கூடாது. தடம் கறுத்து அறுந்துவிட்டால் சில எழுத்துகள் சேர்ந்தாற்போல் செத்துப்போகும். மீதி ஐந்துக்கு அந்தக் கதிதான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் கீபோர்டு எதற்கு என்று கேட்கத்தான் வாயெடுத்தோம். பையிலிருந்து ஒரு கைப்பிடி ஓடிஜி பின்களை, அதாவது யுஎஸ்பி கீபோர்டைப் போனில் மாட்ட உதவும் சின்ன இணைப்பிகளை, எடுத்துப் போட்டார். பழைய போனுக்கு மைக்ரோ, புதியதற்கு டைப் சி. பின்னை மாட்டினால் போன்தான் கீபோர்டுக்குக் கரண்ட் கொடுக்கும். அதனால் கலர் லைட் எரியும் கீபோர்டு வேண்டாம், சாதாரணக் கறுப்பே போதும். சில போன்களில் செட்டிங்ஸில் போய் ஓடிஜியை ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே ஆஃப் ஆகிவிடும். கீபோர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

போனில் இரண்டு கட்டைவிரலால் மின்னல் வேகத்தில் தட்டுகிற பிள்ளைதான் டைப்பிங் டெஸ்டில் தடுமாறும். எஃப், ஜே கட்டைகளில் இருக்கும் மேட்டை விரல் தானாகத் தேடிப் போகும்வரை தினமும் அரை மணி நேரம் தட்டியாக வேண்டும். வாரம் இரண்டு நாள் வகுப்பில் அது வராது. கட்டம் கட்டமாக விவரம் நிரப்பும் கூகுள் ஷீட்ஸும் அதே போனிலேயே ஓடியது. 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், கட்டத்தை முதலில் டெக்ஸ்ட்டாக மாற்ற வேண்டும். டெஸ்டில் ஆள் கழிவது இதுபோன்ற இடத்தில்தான். இந்த முறை அதை எல்லோரும் வீட்டிலேயே பழகியிருந்தார்கள்.

மேசை தந்த நூலகத்தார், பத்துப் போனுக்கும் சார்ஜ் போட இடம் விட்ட தையல்கடை அக்கா, மாலையில் டீ அனுப்பியவர்கள், பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போன முன்னாள் மாணவர்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி சிபியு தரையில் இருக்காது, மூன்றடி உயர ஸ்லாப்புக்குப் போகிறது. சேரும் ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே ஒரு கீபோர்டும் ஒரு பின்னும் வீட்டுக்குப் போகும்.

அண்ணே, ஏழாவது கீபோர்டில் ஸ்பேஸ் பார் இன்னும் இறுகித்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை எடுத்துட்டு வர்றோம். இந்தத் தடவை காசு வாங்கிக்கணும்.